சிரட்டையிலிருந்து வாயுக் கலம் வரை: நுண்துளைக் காபன் தயாரிக்கும் முழு வழிகாட்டி

வாயுவைச் சேமிப்பதற்காகக் காபன் செய்யும்போது கடைசியில் தீர்ப்புச் சொல்வது ஒரே ஓர் எண்: ஒரு லீற்றர் கலத்தில் எத்தனை லீற்றர் வாயு அடங்குகிறது? துளைச் சுவர்களின் பரப்பளவு கிராமுக்கு 3000 சதுர மீற்றர் என்று சொல்லிக்கொள்வது கட்டுரையில் அழகாக இருக்கும். கலத்துக்குள் போனதும் கதை வேறு. இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எல்லாம் அந்த ஒரு எண்ணை மனதில் வைத்தே தரப்படுகின்றன.

மூலப்பொருள் தென்னஞ்சிரட்டை. இலங்கையில் இதைவிட நல்லதைத் தேடி அலையத் தேவையில்லை. கட்டை அடர்த்தியானது, லிக்னின் அதிகம், சாம்பல் குறைவு, துளைகள் இயல்பாகவே குறுகியவை. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குச் சிரட்டைக்கரியைத் தேடி எடுத்ததும் இந்தக் குணங்களுக்காகத்தான்.

வாயுவும் அமுக்கமும் முதலில்

ஒரு கணக்கைப் பாருங்கள். கிராமுக்கு 3000 சதுர மீற்றர் பரப்புள்ள காபன் ஒன்று, அறை வெப்பநிலையில் 35 பார் அமுக்கத்தில் (வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 35 மடங்கு), கிராமுக்கு 0.22 கிராம் மெதேனைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அது பஞ்சுபோல் இலேசானது. கலத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.28 கிராம்தான் கொள்ளும். பெருக்கினால் லீற்றருக்கு 61.6 கிராம் மெதேன், அதாவது வளிமண்டல அமுக்கத்தில், 0 பாகை செல்சியஸில் அளந்தால் கலத்தின் கனவளவைப் போல் 86 மடங்கு வாயு. இன்னொரு காபனின் பரப்பு 1700 மட்டுமே, பிடிப்பது கிராமுக்கு 0.14 கிராம். ஆனால் மில்லிலீற்றருக்கு 0.50 கிராம் அடங்குகிறது. இதில் லீற்றருக்கு 70 கிராம், ஏறத்தாழ 98 மடங்கு. பரப்பில் பாதியை ஒட்டியிருப்பது கலத்தில் வென்றுவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க: வெறுங்கலத்தில் 35 பாரில் அடங்கும் மெதேன் சுமார் 34 மடங்கு. வாகனங்களில் 200 பாருக்கு அழுத்தி நிரப்பினால் 220 அளவில் வரும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் ஒரு காலத்தில் 35 பாரில் 180 மடங்கை இலக்காக வைத்திருந்தது; 2012இல் இலக்கை 263க்கு உயர்த்தியது.

துளையின் அகலம் வாயுவுக்கு வாயு மாறும். மெதேன் மூலக்கூறின் விட்டம் 0.38 நானோமீற்றர், 35 பாரில் அதற்கு ஏற்ற துளை 1.1 நானோமீற்றர் அளவு. காபனீரொட்சைட்டை 1 பாரில் பிடிக்க வேண்டுமானால் 0.8 நானோமீற்றருக்குக் குறைந்த துளைகள்தான் வேலை செய்யும். அதைவிட அகன்றவை வெறும் இடம். ஐதரசனுக்கு 0.6 முதல் 0.7 நானோமீற்றர், அதுவும் திரவ நைதரசனின் குளிரில். 77 கெல்வினில் ஒவ்வொரு 500 சதுர மீற்றர் பரப்புக்கும் திணிவில் ஏறத்தாழ 1 சதவீதம் ஐதரசன் என்பது பயன்படும் கணக்கு. அறை வெப்பநிலையில் 100 பாருக்கு அழுத்தினாலும் 1 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. யாராவது தாண்டியதாகச் சொன்னால் முதலில் வால்வுக் கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சமையல் வாயுவுக்கு இது பயன்படுமா என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. புரொப்பேனும் பியூற்றேனும் அறை வெப்பநிலையிலேயே சிறிய அமுக்கத்தில் திரவமாகிவிடும். அங்கே காபன் இடத்தை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. குழாய்வழி இயற்கை வாயு இல்லாத நாட்டில் மெதேன் என்றால் நடைமுறையில் உயிர்வாயுதான் (சாணமும் கழிவும் காற்றில்லாமல் புளிக்கும்போது வரும் வாயு). அதைப் பற்றிக் கடைசியில்.

சிரட்டையைத் தெரிவுசெய்தல்

முற்றிய தேங்காயின் சிரட்டை மட்டுமே. இளநீர்க் கோம்பை வேண்டாம். குருநாகல், புத்தளம் பக்கத்துக் கொப்பராச் சிரட்டை நல்லது. வீட்டில் துருவிய சிரட்டையானால் ஒட்டியிருக்கும் தேங்காயையும் எண்ணெயையும் சுரண்டி, கொதிநீரில் அலசிக் காயவிடுங்கள். தும்பு ஒரு நாரும் இருக்கக் கூடாது. தும்பில்தான் பொற்றாசியமும் சோடியமும் குளோரைட்டும் தங்கும். சாம்பல் கூடினால், வாயுவால் ஏவும்போது (சூட்டில் கரியை அரித்துத் துளைகளைத் திறக்கும்போது) அந்த உப்புகளே ஊக்கியாக மாறி, ஓரிடத்தில் மட்டும் கரியைத் தின்று துளைகளை அகலமாக்கிவிடும்.

புறக்கோட்டையில் மூட்டையாகக் கிடைக்கும் சிரட்டைக்கரியை வாங்கி நேரே ஏவலாமா? வாங்கலாம், ஆனால் குழியில் சுட்ட கரியில் மண் கலந்திருக்கும். ஒரு துண்டு நன்றாக வெந்திருக்க, அடுத்தது அரைவேக்காடாக இருக்கும். தொழிற்சாலைச் சுழலுலைக்கு அது பரவாயில்லை. ஒரே தரத்தில் மீண்டும் மீண்டும் பெற வேண்டுமானால் நீங்களே சுடுவது நல்லது.

சாம்பலைச் சோதிக்க: 105 பாகை செல்சியஸில் இரவு முழுக்க உலர்த்திய சிரட்டைத் தூள் 1 கிராமைப் புடக்குகையில் இட்டு, மஃபிள் உலையில் 650 பாகையில் எடை மாறாமல் வரும்வரை எரியுங்கள். மிஞ்சுவது 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். (இனிமேல் பாகை என்றால் செல்சியஸ்தான்.)

காபனாக்கல்

சிரட்டையை 1 முதல் 2 மில்லிமீற்றர் துண்டுகளாக உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். 100 கிராமைக் குழாய் உலையில் வையுங்கள். 50 மில்லிமீற்றர் உள்விட்டமும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள குழாயின் கனவளவு ஏறத்தாழ 2 லீற்றர். காற்றை வெளியேற்ற அதைப் போல் ஐந்து மடங்கு நைதரசன் போக வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் விட்டால் 20 நிமிடம். பிறகு ஓட்டத்தை 200க்குக் குறைத்து, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் 500 பாகைக்கு ஏற்றி, அங்கே ஒரு மணி நேரம் வையுங்கள்.

கிடைப்பது 28 முதல் 32 கிராம் கரி. 35ஐத் தாண்டினால் உலையின் உள்ளே சொன்ன வெப்பநிலை வரவில்லை என்று பொருள். உலையின் முகப்பில் காட்டும் எண்ணும் கரி இருக்கும் இடத்து வெப்பநிலையும் பல பாகை வேறுபடுவது சாதாரணம். ஒரு தடவை வெற்றுக் குழாய்க்குள் வெப்பவிணையை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) நுழைத்து, எந்த இடத்தில் எத்தனை பாகை என்று எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

250 முதல் 400 பாகைக்கு இடையில் தார் கொட்டும். வெளிக்குழாய் மெலிதாக இருந்தால் அடைத்துக்கொள்ளும், உள்ளே அமுக்கம் ஏறி முனை மூடி தெறிக்கும். வெளிவழியை 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வைத்து, முதல் போத்தலைப் பனிக்கட்டியில் நிறுத்தித் தாரை அங்கேயே பிடியுங்கள். வேகமாகச் சூடேற்றினால் தார் கரியின் துளைவாயிலேயே படிந்து கரியாகிவிடும். பிறகு எதை ஏவினாலும் பரப்பு வராது. 700க்கு மேல் சுடுவதும் தவறுதான். அந்தக் கரி இறுகிப்போய், அடுத்த படியில் காரத்தோடு சோம்பலாகத்தான் வினைபுரியும்.

எந்த வழியில் ஏவுவது

வழி இரண்டு. காபனீரொட்சைட்டாலோ நீராவியாலோ 850 முதல் 900 பாகையில் அரித்தெடுப்பது ஒன்று. பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு கலந்து சுடுவது மற்றது.

வாயு வழி பாதுகாப்பானது, கழுவ வேண்டியதில்லை, மணிமணியான கரி மணியாகவே வெளிவரும், அடர்த்தியும் நிற்கும். பரப்பு 1000 முதல் 1300 வரை. கார வழியில் 1200 முதல் 2800 வரை விரும்பியபடி நகர்த்தலாம், துளையின் அகலத்தையும் பிடிக்குள் வைத்திருக்கலாம். ஆனால் கழுவலும் கழிவும் ஆபத்தும் கூட வரும். முதல் தடவை செய்பவர் வாயு வழியில் தொடங்கி, உலையும் அளவீடும் கைக்குள் வந்த பிறகு கார வழிக்குப் போவதே சரி.

வாயு வழி சுருக்கமாக: 10 கிராம் கரியை மெல்லிய படையாகப் பரப்பி, நைதரசனில் 850 பாகைக்கு ஏற்றி, வெப்பநிலை நிலைத்ததும் காபனீரொட்சைட்டுக்கு மாற்றி நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றர் விடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து நைதரசனுக்கு மாற்றி, ஆறவைத்து நிறுங்கள். எடையில் 30 முதல் 45 சதவீதம் குறைந்திருந்தால் சேமிப்புக்கு ஏற்ற இடம். 50ஐத் தாண்டவிட்டால் துளைச் சுவர்கள் கரைந்து அகலத் தொடங்கும். பரப்பு சற்றுக் கூடினாலும் லீற்றர்க் கணக்கில் நட்டம். ஒவ்வொரு உலைக்கும் நேரம் மாறும் என்பதால் மணிக்கணக்கை நம்பாமல் எடையிழப்பை நம்புங்கள். கரியின் மேற்பரப்பில் வெள்ளைச் சாம்பல் தெரிந்தால் காற்று கசிந்திருக்கிறது. வெளிவருவது காபனோரொட்சைட்டு, மணமில்லாத நஞ்சு. வெளிக்குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். அறைக்குள் அதற்கான உணர்கருவி ஒன்று எப்போதும் இயங்க வேண்டும்.

கார வழி

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன.

கரியை 100 முதல் 250 மைக்ரோமீற்றருக்கு அரைத்துச் சலியுங்கள். கார விகிதம் என்பது கரிக்கு எத்தனை மடங்கு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்பது. கடையில் வரும் உருண்டைகளில் உண்மையான காரம் 85 சதவீதம் அளவே, மிச்சம் நீர். ஆகவே 10 கிராம் கரிக்கு 2 மடங்கு வேண்டுமானால் 20 அல்ல, 23.5 கிராம் நிறுக்க வேண்டும். 3 மடங்குக்கு 35.3 கிராம். இந்தத் திருத்தத்தை ஒருவர் செய்து இன்னொருவர் செய்யாமல் விட்டதால்தான் இரண்டு ஆய்வுகூடங்களின் முடிவுகள் பல தடவை ஒத்துப்போவதில்லை.

எந்த விகிதம், எந்த வெப்பநிலை? 1 பார் காபனீரொட்சைட்டுக்கு 2 மடங்கு காரமும் 600 முதல் 650 பாகையும். இந்த இடத்தில் 25 பாகையில் கிராமுக்கு 3.5 முதல் 4.8 மில்லிமோல் வரை பிடிக்கும் காபன் கிடைக்கும். 35 பார் மெதேனுக்கு 2.5 முதல் 3 மடங்கும் 700 முதல் 750 பாகையும். 4 மடங்கும் 800 பாகையும் போட்டால் பரப்பு 2500ஐத் தாண்டும், அடர்த்தி 0.3க்குக் கீழே விழும். ஐதரசனைக் குளிரில் சேமிப்பவரைத் தவிர யாருக்கும் அது வேண்டியதில்லை.

காரத்தை 30 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். கரைசல் கொதிக்குமளவு சூடாகும், ஆகவே பொலிப்புரொப்பிலீன் குவளையில், குளிர்நீரில் வைத்து. கரியைச் சேர்த்து 60 பாகையில் நான்கு மணி நேரம் கிளறி, 110 பாகையில் இரவு முழுக்க உலர்த்துங்கள். கொழும்புக் காற்றில் இந்தக் கலவை அடுப்பை விட்டு எடுத்த சில நிமிடத்திலேயே வியர்த்துக் குழம்பாகும். கூடவே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துக் காரத்தின் ஒரு பங்கு காபனேற்றாக மாறிவிடும். மழைக்காலத்தில் இது இரட்டிப்பு. கலவையை உலர்த்தும் அதே பாத்திரத்திலேயே உலைக்குப் போகும்படி ஏற்பாடு செய்து, சூடு ஆறுமுன் ஏற்றி, உடனே நைதரசனைத் திறந்துவிடுங்கள்.

பாத்திரம் நிக்கலில் இருக்க வேண்டும். பீங்கானையும் அலுமினாவையும் உருகிய காரம் தின்னும். குவார்ட்ஸ் குழாய் ஓரிரு சூட்டில் வெண்மை படர்ந்து நொறுங்கும். குழாய்க்கு இன்கொனெல் என்ற நிக்கல் கலப்புலோகம் சிறந்தது. 316 தரத் துருப்பிடிக்கா உருக்கும் ஓடும், ஆனால் உட்புறம் செதில் செதிலாக உதிரத் தொடங்கியதும் மாற்ற வேண்டும். கொழும்பின் பழைய சோனகத் தெருவில் துருப்பிடிக்கா உருக்கு என்று சொல்லிக் கொடுக்கப்படும் எல்லாக் குழாயும் 316 அல்ல. தரச் சான்று இல்லாததை இந்த வெப்பத்துக்கு எடுக்காதீர்கள்.

சூட்டு ஒழுங்கு இது:

அறை வெப்பநிலையிலிருந்து 400 பாகை வரை நிமிடத்துக்கு 3 பாகை.
400 பாகையில் ஒரு மணி நேரம்.
அங்கிருந்து இலக்கு வெப்பநிலை வரை நிமிடத்துக்கு 5 பாகை.
இலக்கில் ஒரு மணி நேரம்.
நைதரசனிலேயே 40 பாகைக்குக் கீழ் ஆறும் வரை காத்திருத்தல். நைதரசன் ஓட்டம் முழுக்க நிமிடத்துக்கு 400 மில்லிலீற்றர்.

இடையில் 400இல் நிறுத்துவது காரம் உருகும்போது நீர் பொங்கி வெளியேறுவதற்காக. நிறுத்தாமல் ஏற்றினால் கலவை நுரைத்துப் பாத்திரத்தை விட்டு வழிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியும் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது.

உள்ளே நடப்பது: காரம் காபனோடு வினைபுரிந்து காபனேற்றையும் ஐதரசனையும் பொற்றாசிய உலோகத்தையும் தருகிறது. 700க்கு மேல் காபனேற்றும் பிரிந்து மீண்டும் காபனை அரிக்கிறது. விளையும் பொற்றாசியம் காபன் படைகளுக்கிடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது. கழுவி எடுத்த பிறகு அந்த இடைவெளிகளே துளைகளாக நிற்கின்றன. பொற்றாசியத்தின் கொதிநிலை 759 பாகை. ஆகவே 750ஐ நெருங்கும் எந்த ஓட்டத்திலும் உலோக ஆவி எழுந்து, குழாயின் குளிர்ந்த முனையில் சாம்பல் நீலமாகவோ வெள்ளி போலவோ படியும்.

அந்தப் படிவில் ஒரு துளி நீர் பட்டால் தீப்பற்றும். வெளிவாயுவை நீருள்ள குமிழிப் போத்தலில் விடுவது இதனால்தான் ஆபத்து: உலை ஆறும்போது உள்ளே வாயு சுருங்கி நீரைப் பின்னோக்கி உறிஞ்சிவிடும். போத்தலில் கனிம எண்ணெயை ஊற்றுங்கள். அதற்கும் உலைக்கும் நடுவில் வெறும் போத்தல் ஒன்று இருக்கட்டும்.

மின்வெட்டும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். மின்னால் இயங்கும் வாயு ஓட்டக் கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் மின் போனதும் மூடிக்கொள்ளும் வகை. உலை 700இல் நிற்கும்போது நைதரசன் நின்றால் காற்று உள்ளே வரும். கட்டுப்படுத்திக்கு இணையாகக் கையால் திறக்கும் ஊசி வால்வும் ரொட்டாமீற்றரும் (மின் வேண்டாத ஓட்டமானி) கொண்ட தனிவழி ஒன்றைப் போடுங்கள். அது எந்நேரமும் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் விட்டுக்கொண்டே இருக்கட்டும். சிலிண்டரில் 50 பாருக்குக் குறைவாக இருந்தால் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

ஆறியதும் உடனே திறக்கக் கூடாது. நைதரசனை நீர்ப் போத்தல் ஒன்றினூடாக விட்டு ஈரமாக்கி, அறை வெப்பநிலையில் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் வீதம் குறைந்தது நான்கு மணி நேரம் உலைக்குள் செலுத்துங்கள். உலோகம் மெதுவாகக் காரமாக மாறும். நீர்ப் போத்தலுக்குப் பின்னும் ஒரு வெறும் போத்தல் வேண்டும். ஈர வாயு போகலாம், திரவ நீர் போகக் கூடாது. பிறகு முகக் கவசம், தடித்த கையுறை, பக்கத்தில் உலர் மணல் வாளி. நீரூற்றும் தீயணைப்பானைத் தொடவே கூடாது. தனியாளாக இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கழுவல்

வெளிவந்த கட்டியைச் சிறிது சிறிதாகப் பனிக்கட்டி நீரில் இடுங்கள். பிறகு 1 மோலார் ஐதரோகுளோரிக்கமிலம். எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம்: 10 கிராம் கரிக்கு 30 கிராம் காரம் என்றால் 0.535 மோல், அதைச் சமன்செய்யவே 535 மில்லிலீற்றர் வேண்டும். 700 எடுங்கள். 37 சதவீத அமிலத்தில் 83 மில்லிலீற்றரை நீரில் ஊற்றி ஒரு லீற்றராக்கினால் 1 மோலார். அமிலம் பட்டதும் நுரைக்கும், ஆகவே பெரிய குவளை. இரண்டு மணி நேரம் கிளறி வடியுங்கள்.

அதன்பின் 80 பாகைக் காய்ச்சி வடித்த நீரால், வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று இட்டுப் பால்போல் கலங்குவது நிற்கும்வரை கழுவ வேண்டும். பி.எச். தாளை மட்டும் நம்பி நிறுத்துபவர்கள் ஏமாறுவார்கள். அமிலம் போன பிறகும் பொற்றாசியம் குளோரைட்டு குறுகிய துளைகளில் தங்கியிருக்கும். குழாய்நீரால் கழுவினால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை, அதிலேயே குளோரைட்டு உண்டு. கழிவு நீரைச் சமன்செய்யாமல் கானுக்குள் ஊற்றாதீர்கள்.

120 பாகையில் வெற்றிடத்தில் இரவு முழுக்க உலர்த்தி நிறுங்கள். 10 கிராம் கரியிலிருந்து 5 முதல் 7 கிராம் வரலாம். எட்டு ஒன்பது கிராம் வந்தால் மகிழ வேண்டாம், உப்பு மிச்சமிருக்கிறது. 650 பாகைச் சாம்பல் சோதனையைத் திரும்பச் செய்தால் தெரிந்துவிடும். மூன்று கிராமுக்குக் கீழே போனால் காற்று கசிந்திருக்கிறது, அல்லது உலை நீங்கள் நினைத்ததைவிடச் சூடாக ஓடியிருக்கிறது.

அளந்து பார்த்தல்

77 கெல்வினில் நைதரசன் புறத்துறிஞ்சல்தான் (துளைச் சுவரில் எவ்வளவு வாயு ஒட்டுகிறது என்று பார்ப்பது) அடிப்படை அளவீடு. மாதிரி 50 முதல் 100 மில்லிகிராம். அளக்குமுன் 300 பாகையில் வெற்றிடத்தில் 12 மணி நேரம் வாயு நீக்க வேண்டும்; வெளியில் வைத்த காபன் எடையில் கணிசமான பங்கு நீராகவே இருக்கும். எடையை வாயு நீக்கிய பிறகு எடுங்கள். முன்னால் எடுத்த எடையால் வகுத்தால் பரப்பு குறைவாக வரும். காரணம் தெரியாமல் செய்முறையை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பரப்புக் கணக்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சார்பமுக்க (வாயுவின் அமுக்கத்தை அதன் நிரம்பலாவி அமுக்கத்தால் வகுத்த எண்) எல்லை 0.05 முதல் 0.30. நுண்துளைக் காபனுக்கு அது பொருந்தாது. 0.01 முதல் 0.1க்குள் தேடி, கணக்கின் நேர்கோட்டு வரைபில் வெட்டுத்துண்டு நேர் எண்ணாக வரும் பகுதியை எடுக்க வேண்டும்.

நைதரசன் அந்தக் குளிரில் 0.7 நானோமீற்றருக்குக் குறைந்த துளைகளுக்குள் மிக மெதுவாகத்தான் நுழையும். ஆகவே 0 பாகையில் காபனீரொட்சைட்டாலும் அளந்து, இரண்டு நுண்துளைக் கனவளவுகளையும் பக்கத்தில் வையுங்கள். காபனீரொட்சைட்டு எண் பெரிதானால் துளைகள் மிகக் குறுகியவை: 1 பார் வேலைக்கு நல்லது, மெதேனுக்கு இன்னும் சற்று ஏவலாம். இரண்டும் சமமானால் சீராக இருக்கிறது. நைதரசன் எண் மிகப் பெரிதானால் ஏவல் கூடிப்போய்த் துளை அகன்றுவிட்டது. அடுத்த தடவை 50 பாகை குறையுங்கள், அல்லது கார விகிதத்தை அரை மடங்கு இறக்குங்கள். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள்.

இந்தக் கருவிகளுக்கு வரிசையில் நிற்கும் நாட்களில் தராசை வைத்தே ஒரு மதிப்பீடு செய்யலாம். வால்வுள்ள சிறு உருக்குக் கலத்தில் 5 கிராம் காபனை இட்டு, 200 பாகையில் வெற்றிடத்தில் வாயு நீக்கி, மூடி, ஆறவிட்டு நிறுங்கள். 25 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, உலர் காபனீரொட்சைட்டை 1 பாரில் அரை மணி நேரம் இணைத்து வையுங்கள். மூடி, வெளிப்புறம் துடைத்து மீண்டும் நிறுங்கள். கிராமுக்கு 4 மில்லிமோல் பிடிக்கும் காபன் என்றால் எடை 0.88 கிராம் ஏறும். கலத்தின் காலி இடத்தில் நிற்கும் வாயுவைக் கழிக்க வேண்டும்: 20 மில்லிலீற்றர் இடைவெளிக்கு 0.036 கிராம். பத்து மில்லிகிராம் காட்டும் தராசே போதும்.

உயர் அமுக்க அளவீட்டில் கலத்தின் காலி இடத்தை ஈலியத்தால் அளக்கிறார்கள். மிகக் குறுகிய துளைகளில் ஈலியமே சிக்கிக்கொள்ளும், ஆகவே அந்த அளவுக்குப் பின் மாதிரியை மீண்டும் சூடாக்கி வாயு நீக்க வேண்டும். காபன் இல்லாமல் ஒரு தடவை 35 பாரில் இரவு முழுக்க விட்டு, அமுக்கம் இறங்காததைப் பார்த்த பிறகே மாதிரியை வையுங்கள்.

கட்டியாக்கல்

தூளாக நிரப்பினால் மணிகளுக்கு நடுவிலுள்ள இடம் கலத்தில் மூன்றிலொரு பங்கையாவது வீணாக்கும். எளிய வழி இரண்டு பருமன்களைக் கலப்பது: பெரிய மணி 70 பங்கு, அதன் இடைவெளியில் அடங்கக்கூடிய நுண்தூள் 30 பங்கு. தட்டித் தட்டி நிரப்பினால் அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஏறும்.

இன்னும் வேண்டுமானால் அழுத்திக் கட்டியாக்க வேண்டும். 10 கிராம் காபனுக்கு 0.5 கிராம் காபொக்சிமெதயில் செலுலோசை நீரில் பசையாக்கிப் பிசைந்து, அச்சில் 50 முதல் 100 மெகாபஸ்கால் அமுக்கம் கொடுங்கள். 60 பாகையில் ஒரு நாள், பிறகு 110இல். அவசரப்பட்டு நேரே 110இல் வைத்தால் கட்டி பிளக்கும். பசை துளைவாயை அடைப்பதால் கிராமுக்கான அளவு சற்று இறங்கும். நைதரசனில் 500 பாகைக்குச் சூடாக்கினால் பசை கரியாகிக் கொஞ்சம் மீளும். பசையை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் கட்டி உறுதியாக இருக்கும், வாயுதான் இருக்காது.

கட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை விடுங்கள். வாயு உள்ளே போக மட்டுமல்ல, வெப்பம் வெளியேறவும். மெதேன் உறிஞ்சப்படும்போது மோலுக்கு ஏறத்தாழ 16 கிலோயூல் வெப்பம் வரும், கிராமுக்கு 0.14 கிராம் பிடிக்கும் காபனில் அது கிராமுக்கு 140 யூல். வேகமாக நிரப்பினால் கலம் சூடாகி, 35 பார் காட்டியதும் நிரம்பிவிட்டதென்று மூடுவீர்கள்; ஆறியதும் அமுக்கம் இறங்கியிருக்கும். மெதுவாக, கலத்தை நீரில் வைத்து நிரப்புங்கள். வெளியே விடும்போது இதற்கு எதிர்மாறு: கலம் குளிர்ந்து, ஒரு பங்கு வாயு உள்ளேயே தங்கிவிடும்.

கலமும் உயிர்வாயுவும்

கலம் இந்த அமுக்கத்துக்கென்று சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். பழைய சமையல் வாயு சிலிண்டரை வெட்டி ஒட்டிப் பயன்படுத்தும் யோசனை வேண்டவே வேண்டாம். அதன் வேலை அமுக்கம் 35 பாருக்கு வெகு கீழே.

உயிர்வாயுவில் மெதேன் 60 சதவீதம் அளவில், மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, கூடவே நீராவியும் ஐதரசன் சல்பைட்டும். காபன் மெதேனைவிடக் காபனீரொட்சைட்டைத்தான் விரும்பிப் பிடிக்கும். நேரே நிரப்பினால் கலத்தில் பெரும்பகுதி எரியாத வாயு. முதலில் இரும்பு ஒட்சைட்டுப் படுக்கையால் சல்பைட்டை எடுத்து, நீரால் அலசிக் காபனீரொட்சைட்டைக் குறைத்து, சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, அதன்பின் அழுத்துங்கள். அழுத்தியின் எண்ணெய்ப் புகை துளைகளுக்குப் பெரிய எதிரி. கலத்துக்கு முன்னால், அதே காபன் நிரப்பிய சிறிய காவல் குழாய் ஒன்றை வைத்தால் எண்ணெயும் கனமான ஐதரோகாபன்களும் அங்கே நின்றுவிடும்.

ஒவ்வொரு நிரப்பலிலும் வெளிவந்த வாயுவைக் கனவளவுமானியில் குறித்து வையுங்கள். முதல் சில சுற்றுகளில் சற்று இறங்கி நிலைப்பது இயல்பு. தொடர்ந்து இறங்கினால் காவல் குழாயின் காபனை மாற்றி, கலத்தை 150 பாகையில் வெற்றிடத்தில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். மீண்டால் நீர். மீளாவிட்டால் எண்ணெய் அல்லது கந்தகம், காபனை வெளியே எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டியதுதான்.